வழி விடும் கை

மேலே கரையில் படகின் உதவியாள் நயீமா கயிற்றைத் தூணில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே, தண்ணீர் நிரப்பிப் படகை மேல் மட்டத்துக்கு ஏற்றும் மதகுத் தொட்டிக்குள், சுற்றுலாப் படகின் முன்பக்கத்தில், லியோன்ஸ் ரூக்கெத் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு வழக்கம்போலப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மத்த ஊர்ல எல்லாம் மதகுத் தொட்டி பெட்டி மாதிரி நேரா இருக்கும். இங்க மட்டும் ஏன் முட்டை மாதிரி வயிறு தள்ளிக்கிட்டு இருக்கு? யாருக்காவது தெரியுமா? தெரியாது. அரசாங்க ரகசியம். கால்வாயைத் திறந்துவைக்க ராஜா படகுல வர்றார். அவரோட தொப்பை..."

அங்கே நிறுத்தினார். பயணிகளில் பாதிப்பேர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பின்பக்கம் சுக்கானைப் பிடித்திருந்த அவர் மகள் மகலோன் சிரிக்கவில்லை. படகோட்ட வந்த நாளிலிருந்து அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறாள். 'தொப்பை'க்குப் பிறகு அவர் எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பார் என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த நேரம் தாண்டிப் போயிற்று. மைக் அவர் கையிலிருந்து நழுவி, பலகையில் விழுந்து, ஒலிபெருக்கிகளில் இடி மாதிரி உருண்டது. அவர் பக்கத்து இருக்கையின் முதுகைப் பிடிக்கப் பார்த்தார், பிடிக்காமலே சாய்ந்தார்.

நாற்பது பேர் ஏறியிருந்த 'தும்பி' என்ற அந்தப் படகு அப்போது கிணற்றுக்குள் இருப்பதுபோல இருந்தது. பின்னால் கீழ்க் கதவுகள் மூடியாயிற்று. முன்னால் மேல்கதவின் ஷட்டர் இப்போதுதான் லேசாகத் திறந்து, தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே வரத் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பாசி பிடித்த சுவர். இதிலிருந்து வெளியேற ஒரே வழிதான் உண்டு. தண்ணீர் தூக்கிவிட வேண்டும்.

பயணிகளில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெல்ஜியம் நாட்டு அம்மாள் இரண்டு இருக்கைகளைத் தாண்டி வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். "நான் நர்ஸ். எல்லாரும் தள்ளுங்க." கழுத்தில் விரல் வைத்தாள். அவர் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தாள். நெஞ்சில் கையை வைத்து அழுத்தத் தொடங்கினாள்.

மகலோன் தலையை நிமிர்த்திக் கத்தினாள். "பஸ்தியான்! அவசர வண்டியைக் கூப்பிடு. அப்பாவுக்கு நெஞ்சடைப்பு. ரெண்டு ஷட்டரையும் முழுசாத் திற."

மதகுக் காவலன் பஸ்தியான் சுவரின் விளிம்பில் எட்டிப் பார்த்தான். போன் ஏற்கெனவே அவன் காதில் இருந்தது. "முழுசாத் திறந்தா படகு குதிக்கும், மகலோன். சுவர்ல அடிச்சுடும்."

"குதிக்கட்டும். நான் பாத்துக்கறேன். நீ திற."

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. மகலோன் சொன்னால் அந்தக் கால்வாயில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. தண்ணீர் இரைச்சலாக உள்ளே விழுந்தது. படகு கயிற்றில் துள்ளிற்று. அவள் எஞ்சினை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி, நுரை தள்ளுகிற தள்ளுக்கு எதிர்த் தள்ளு கொடுத்து, சுவரிலிருந்து ஒரு கை இடைவெளியில் அதை நிறுத்தி வைத்தாள். மேலே நயீமா உடம்பையே பின்னால் சாய்த்துக் கயிற்றைப் பிடித்திருந்தாள்.

குழந்தைகள் அழ ஆரம்பித்தார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கினான். மகலோன் சுக்கான் பக்கத்தில் மாட்டியிருந்த இன்னொரு மைக்கை எடுத்தாள். இத்தனை வருடத்தில் அதில் அவள் பேசியதெல்லாம் 'தலையைக் குனிங்க, பாலம் வருது' என்பது மட்டும்தான்.

"நான் உங்க கேப்டன். எல்லாரும் உக்காருங்க. பிள்ளைங்களை மடியில வெச்சுக்கங்க. போனை உள்ள வைங்க. உங்களைத்தான் சொல்றேன், நீலச் சட்டை. இப்ப எல்லாரும் வலது பக்கச் சுவரைப் பாருங்க."

அப்பா கிடந்தது இடது பக்கம்.

நாற்பது தலைகளும் திரும்பின. குரலில் அப்படி ஒரு பிடி இருந்தது.

"இந்தச் சுவரை முதல்ல நேராத்தான் கட்டினாங்க. முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி. தொட்டியில தண்ணி இருக்கற வரைக்கும் நின்னுச்சு. தண்ணியை வெளிய விட்டாங்க, பின்னாலேர்ந்து மண்ணு தள்ளுச்சு, சுவர் உள்ள விழுந்துடுச்சு. அப்ப கட்டினவங்க யோசிச்சாங்க. பாலத்துக்கு அடியில வளைவு இருக்குல்ல, மேலேர்ந்து வர்ற பாரத்தைத் தாங்குதுல்ல? அந்த வளைவைப் படுக்கப் போட்டா என்ன? நல்லாப் பாருங்க. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லுக்குத் தோள் குடுக்குது. மண்ணு எவ்வளவு தள்ளுதோ அவ்வளவு இறுகும். அதுக்கப்புறம் இது விழவே இல்ல."

இடது பக்கம் அந்த நர்ஸ் அம்மாள் எண்ணிக்கொண்டே அழுத்தும் சத்தம். பஸ்தியான் நெஞ்சுக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் முதலுதவிப் பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினான். அவள் கணவன் போலிருந்த ஒருவர் அதை வாங்கி நர்ஸிடம் கொடுத்தார். பட்டைகளை ஒட்டியதும் அந்தப் பெட்டி பெண் குரலில் பேசிற்று: மின் அதிர்ச்சி தேவையில்லை, அழுத்துவதைத் தொடரவும்.

அதன் அர்த்தம் மகலோனுக்குத் தெரியும்: அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்கிற துடிப்புகூட இல்லை. உரிமம் வாங்கும்போது சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் எஞ்சினைப் பின்னுக்குப் போட்டாள்.

"அப்போ ராஜாவோட தொப்பை?" என்று ஒரு சின்னப் பெண் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தொப்பை பின்னால வந்தது, கண்ணு," என்றாள் மகலோன். "முதல்ல சுவர்."

பாசி கீழே இறங்கிற்று. காய்ந்த கல் வந்தது. அப்புறம் கரையின் புல், அப்புறம் பஸ்தியானின் காலணிகள், அப்புறம் வெயில். அந்த நாட்டில் அவசர சிகிச்சைக்கும் வருகிற தீயணைப்புப் படையின் சிவப்பு வண்டி பாலத்தடியில் வந்து நின்றது. அவர்கள் ஏறி வந்து வேலையை வாங்கிக்கொண்டார்கள். வெகுநேரம் செய்தார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் நிமிர்ந்து மகலோனைப் பார்த்து, தலைக்கவசத்தைக் கழற்றினார்.

பயணிகள் ஒவ்வொருவராக, கோயிலிலிருந்து வெளியேறுவதுபோல, ஓசையில்லாமல் கரையேறினார்கள். நர்ஸ் அம்மாளின் முழங்கால்களில் பலகையின் தடம் பதிந்திருந்தது. மகலோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே மூன்று வாடகைப் படகுகள் மதகுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. அப்பாவை வண்டியில் ஏற்றியதும், அவளே 'தும்பி'யைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, மற்றவர்களுக்கு வழி விட்டு, தங்கள் ஊரான பெய்ராலின் துறையில் கொண்டுவந்து கட்டினாள்.

*

அம்மா ஆர்லெத் சமையலறையில் ஆப்ரிகாட் பழங்களைப் பிளந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் முதல் ஈடு ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது. மகலோன் பகல் நேரத்தில் வீட்டுக்கு வந்து நின்றதைப் பார்த்ததும் அம்மாவின் கத்தி பழத்துக்குள் பாதியில் நின்றது.

"எங்க?" என்றாள்.

"முட்டைத் தொட்டியில. தண்ணி ஏறிக்கிட்டிருந்தப்ப."

"விழுந்தாரா?"

"இல்லம்மா. நெஞ்சு. ரொம்ப நேரம் பாத்தாங்க. முடியல."

ஆர்லெத் கத்தியை முழுவதுமாக இழுத்துப் பழத்தைப் பிளந்தாள். கொட்டையை ஒரு கிண்ணத்திலும் பழத்தை ஒரு கிண்ணத்திலும் போட்டாள்.

"பேசிக்கிட்டிருந்தாரா?"

"ஆமா."

"பின்ன என்ன. வாயை மூடியிருந்தாத்தான் அதிசயம்."

இன்னொரு பழத்தை எடுத்தாள். அதையும் பிளந்தாள். மகலோன் எதிரில் உட்கார்ந்து, இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டாள். கூடை காலியாகும் வரை இரண்டு பேரும் பிளந்தார்கள். பின்னால் ஜாம் அடிப்பிடித்துக் கருகும் வாசனை வந்தது. இரண்டு பேருமே எழுந்து அடுப்பை அணைக்கவில்லை.

*

அண்ணன் தியெரி அன்று மாலையே துலூஸிலிருந்து வந்துவிட்டான். விமானம் கட்டும் இடத்தில் பொறியாளன். எதையும் வரிசையாகச் செய்பவன். துக்கத்தையும் அப்படியே செய்ய வேண்டும் என்று நினைத்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். முகம் கழுவினான். பிறகு மேஜையில் உட்கார்ந்தான்.

சிக்கல் ஒன்று இருந்தது. பெய்ராலில் கோயில் கால்வாய்க்கு இந்தப் பக்கம், கல்லறைத் தோட்டம் அந்தப் பக்கம். நடுவில் இருந்த கூனல் பாலம் வசந்த காலத்தில் விரிசல் விட்டதால், கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். சவ வண்டி போக வேண்டுமென்றால் நெடுஞ்சாலை ஏறி, லாரிகளுக்கு நடுவில், ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வரவேண்டும். பின்னால் ஊர் நடந்து போக வழியே இல்லை.

"துலூஸ்லயே வெச்சுக்கலாம்," என்றான் தியெரி. "தகன நிலையம் எங்க வீட்டுப் பக்கத்துலதான். எல்லாம் ஒரே இடத்துல முடிஞ்சுடும். வண்டி நிறுத்தவும் வசதி."

"அப்பாவுக்கு எதுக்குடா வண்டி நிறுத்த வசதி?" என்றாள் ஆர்லெத்.

"படகுல கொண்டுபோகலாம்," என்றாள் மகலோன்.

தியெரி அவளைப் பார்த்தான். "எந்தப் படகுல?"

"எத்தனை படகு இருக்கு நம்மகிட்ட? 'தும்பி'லதான்."

"மகலோன், அது டிக்கெட் போட்டு ஐஸ்கிரீம் விக்கிற படகு. சவ ஊர்வலமா, சுற்றுலாவா? கரையில சைக்கிள்ல போறவனெல்லாம் போட்டோ எடுப்பான்."

"எடுக்கட்டும்."

"உனக்கு எல்லாம் 'ட்டும்'தான். எடுக்கட்டும்; அன்னிக்குக் குதிக்கட்டும்னியாம், பஸ்தியான் சொன்னான். நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. அப்பா போட்ட கூத்துக்கு என் ஆபீஸ்ல நான் பட்ட பாடு போதும். எங்க மேலாளர் குடும்பத்தோட உங்க படகுல வந்துட்டுப் போயி, திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் கேக்கறார்: 'ரூக்கெத், உங்க வம்சம் ராஜாவோட சமையல்காரர் வம்சமாமே?' நான் என்ன சொல்றது?"

"என்ன சொன்ன?"

தியெரி கொஞ்சம் தயங்கினான். "ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும், அப்பாவைப் பொய்யன்னா சொல்றது?"

ஆர்லெத்தின் வாயோரம் அசைந்தது.

"அண்ணா," என்றாள் மகலோன், குரலைத் தாழ்த்தி. "அவர் பொய்யோட நான் போட்ட சண்டை உனக்குத் தெரியாது. அந்தக் கால்வாயைப் பத்தி நிஜமே அவ்வளவு இருக்கு, எதுக்குப்பா இட்டுக்கட்டறன்னு கத்தியிருக்கேன். ஒரு வருஷம் முழுக்க மைக்கை ஒளிச்சு வெச்சேன். வாயாலேயே கத்திப் பேசினார். அதெல்லாம் வேற. இப்ப ஊர்க்காரங்க அவர்கூடக் கடைசி வரைக்கும் வரணும். வர்றதுக்கு வழி தண்ணிலதான் இருக்கு. படகு என்னுது. நான் ஓட்டறேன்."

ஈமச்சடங்கு நிறுவனத்துக்காரர் மறுநாள் வந்தபோது முகவாயைத் தடவினார். பெட்டியை எந்த வண்டியில் ஏற்றலாம், கூடாது என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது என்றார். "தண்ணியைப் பத்தி என்ன சொல்லுதுன்னு நான் பாத்ததில்ல. எனக்கு இதுவரைக்கும் யாரும் தண்ணியில போகல."

"மேயர் கையெழுத்துப் போட்டா?"

"போட்டா எனக்கென்ன. எங்க வண்டி துறை வரைக்கும் வரும். அதுக்கப்புறம் நீங்களாச்சு."

மேயர் சாயங்காலங்களில் லியோன்ஸுடன் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுகிறவர். கையெழுத்துப் போட்டுவிட்டு, "நானும் ஏறலாமா?" என்று மட்டும் கேட்டார்.

கால்வாய் அலுவலகத்தில் போனை எடுத்தவன் புதியவன். 'பயணிகள் படகில் சடலம்' என்பதற்குத் தன் கணினியில் இடமே இல்லை என்றான்.

"பயணின்னு போடுங்க," என்றாள் மகலோன். "ஒரு ஆள் கூட. சனிக்கிழமை காலையில, பெய்ரால் துறையிலேர்ந்து கல்லறைத் தோட்டத்துத் துறை வரைக்கும். மதகு எதுவும் குறுக்க இல்ல. நான் கிளம்பறப்ப சொல்றேன்." அவன் சரி என்று சொல்லும்வரை அவள் போனை வைக்கவில்லை.

*

சனிக்கிழமை செர்ஸ் காற்று அடித்தது. அந்தப் பக்கத்தில் வருடத்தில் பாதி நாள் அது அடிக்கும். வானத்தைத் துடைத்து நீலமாக்கிவிட்டு, மனிதர்களின் தொப்பியைப் பறித்துக்கொண்டு, கடலுக்குப் போகும். தட்டை அடியும் உயர்ந்த கூரையும் உள்ள 'தும்பி' மாதிரிப் படகுக்கு அது எதிரி. ஆனால் மகலோன் வானத்தைப் பார்த்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

நடுவில் இரண்டு வரிசை இருக்கைகளை நயீமா கழற்றி வைத்திருந்தாள். பூசை முடிந்து ஆறு பேர் பெட்டியைத் தூக்கி வந்து அந்த இடத்தில் இறக்கினார்கள். பாதிரியார் அங்கியைக் காற்றில் பிடித்துக்கொண்டு ஏறினார். மேயர் ஏறினார். பஸ்தியான் மதகைச் சக ஊழியனிடம் ஒப்படைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். இடம் கொள்ளும் மட்டும் ஊர் ஏறிற்று. மற்றவர்கள் இந்தக் கரையோரப் பாதையில், கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்க்கரை வரைக்குமாவது, நடந்துவரத் தயாரானார்கள்.

ஆர்லெத் முன் வரிசைக்குப் போகவில்லை. சுக்கானுக்குப் பக்கத்தில், மகலோனுக்கு அருகில் இருந்த சின்னப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் அந்தப் படகில் ஏறுவது இதுதான் முதல் முறை. கேட்டவர்களுக்கெல்லாம் இத்தனை வருடமும் ஒரே பதில்தான் சொல்லிவந்தாள்: வீட்டுல ஓசியில கேக்கறதே தாங்கல, இதுல டிக்கெட் வேற வாங்கணுமா.

படகு துறையை விட்டது. காற்று பக்கவாட்டில் தள்ளிற்று. மகலோன் மூக்கைக் காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பி வைத்து, நண்டு மாதிரிச் சாய்வாகவே படகை நேர்கோட்டில் கொண்டுபோனாள். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. தியெரி பெட்டியின் தலைமாட்டில், கையை அதன்மேல் வைத்து நின்றான்.

வளைவு திரும்பியதும் இரண்டு கரையிலும் முன்பு கால்வாய்க்கு நிழல் தந்த பிளேன் மரங்களின் வெட்டிய அடிக்கட்டைகள் வந்தன. நோய் வந்து, தொற்று பரவாமலிருக்க, வரிசை வரிசையாக வெட்டி எரித்த மரங்கள். இடையிடையே முட்டுக்கொடுத்த புதுக் கன்றுகள்.

"இங்க என்ன சொல்வார்?" என்று ஆர்லெத் திடீரென்று கேட்டாள்.

மகலோன் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "இங்கயா? ஒண்ணும் சொல்ல மாட்டார். எல்லாரும் தொப்பி போட்டுக்கங்க, நிழல் விடுமுறையில போயிருக்கு, இன்னும் முப்பது வருஷத்துல திரும்பிடும்பார். அவ்வளவுதான்."

ஆர்லெத் தலையசைத்தாள். கொஞ்ச தூரம் போனதும், திராட்சைத் தோட்டங்களுக்கு அப்பால், மலைப் பாறை உச்சியில் இடிந்த கோட்டை ஒன்று தெரிந்தது.

"அங்க?"

"அது... பழைய மதச் சண்டையில கோட்டையை முற்றுகை போட்டப்ப, உள்ள இருந்தவங்க புதையலை ஒரு ஆள்கிட்டக் குடுத்துக் கயித்துல இறக்கி விட்டாங்களாம். அந்த ஆள் நம்ம முன்னோராம்."

"நம்ம முன்னோர் சமையல்காரர் இல்லையா?" என்றான் தியெரி.

"அது வேற பக்கத்து முன்னோர்."

"புதையல் என்ன ஆச்சு?" என்று பாதிரியார் கேட்டார்.

"நார்போன்ல சூதாடித் தோத்துட்டார்," என்று பஸ்தியான் பின்னாலிருந்து சொன்னான்.

"இல்ல, இல்ல," என்றாள் நயீமா. "பாதிரியாருங்க வந்தா கதை வேற. கோயிலுக்குக் குடுத்துட்டார்னு சொல்வார்."

முதல் சிரிப்பு அங்கே வந்தது. அடக்கப் பார்த்தார்கள், மேயருக்கு முடியவில்லை. பாதிரியாருக்கும் முடியவில்லை. கரையில் நடந்துவந்தவர்கள் என்ன என்று பார்த்தார்கள்.

கால்வாய் ஆற்றின் மேல் பாலமாகப் போகும் இடம் வந்தது. கீழே ஆறு, மேலே தண்ணீர்ச் சாலை. ஆர்லெத் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மகலோன் அப்பாவின் குரலிலேயே சொன்னாள். "கால்வாய் கட்டினவங்க ஆத்துகிட்டப் போயி மரியாதையாக் கேட்டாங்களாம், கொஞ்சம் தள்ளிக்கறீங்களான்னு. ஆறு நான்தான் முதல்ல வந்தேன்னு சொல்லிடுச்சாம். சரின்னு இவங்க மாடியில குடி வந்துட்டாங்களாம்."

சொல்லி முடித்த பிறகுதான், எல்லாம் வார்த்தை பிசகாமல் தன் வாயில் இருப்பது அவளுக்கே உறைத்தது. காற்று அடித்துத் தள்ளிற்று. அவள் சுக்கானை இறுக்கினாள்.

பிறகு அவர்கள் வீடு வந்தது. முன்வாசல் தெருவைப் பார்த்தது, பின்பக்கம் கால்வாய். சமையலறை ஜன்னல் தண்ணீருக்கு நேர் மேலே. துக்கத்துக்காக மரக்கதவுகளைச் சாத்திவைத்திருந்தார்கள்; காற்று ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டிருந்தது.

"இங்கதான் எல்லாரும் எனக்குக் கை காட்டுவாங்க," என்றாள் ஆர்லெத். "நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருப்பேன். படகே எழுந்து நின்னு கை காட்டும். சின்னது, பெருசு, எல்லாம். நானும் கையில நுரையோட காட்டுவேன். சுற்றுலாக்காரங்க நல்ல மரியாதைப்பட்டவங்கனு நெனச்சுக்குவேன். ஆனா வேற படகுல வர்றவங்க யாரும் காட்டறதில்ல. உங்க படகு மட்டும்தான்." மகலோன் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்வார்?"

மகலோன் நயீமாவைப் பார்த்தாள். நயீமா தண்ணீரைப் பார்த்தாள்.

"சொல்லு."

"கால்வாயைக் கட்டின காலத்துல," மகலோன் ஆரம்பித்தாள், "ராஜா ஒரு குடும்பத்துக்கு உரிமை எழுதிக் குடுத்தாராம். போற வர்ற படகை நிறுத்தறதுக்கும் விடறதுக்கும். அந்தக் குடும்பத்துல கடைசி வாரிசு இந்த ஜன்னல்ல இருக்கற அம்மாவாம். அவங்களை யாரும் ஏமாத்த முடியாது, கப்பற்படை வந்தாலும் நிக்கணும். எல்லாரும் எழுந்து மரியாதையாக் கை காட்டுங்க. அவங்க திருப்பிக் காட்டினாத்தான் நாம மேல போகலாம், இல்லேன்னா ராத்திரி இங்கதான், சாப்பாடும் கிடையாது. அப்படிம்பார்."

ஆர்லெத் உடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் காட்டாத நாள்?"

"நின்னுருக்கோம்மா."

"நின்னீங்களா?"

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்ட நாள்ல ஜன்னலைச் சாத்தி வெச்சிருப்ப. எஞ்சினை நிறுத்துன்னுடுவார். நேரமாகுதுப்பான்னு நான் கத்துவேன். சட்டம் சட்டம்தான், கேப்டன், அப்படிம்பார். நயீமாதான் கரையில குதிச்சு வீட்டுக்கு ஓடுவா."

ஆர்லெத் மெல்லத் திரும்பினாள். "வெங்காயம் கேட்டு வருவியே."

"ஆமாம்மா," என்றாள் நயீமா.

"நானும் ஜன்னலைத் திறந்து, வெளிய தொங்கற கூடையைக் கை நீட்டி எடுத்து..." ஆர்லெத் நிறுத்தினாள். "உனக்கு எத்தனை வெங்காயம் குடுத்திருப்பேன்."

"எனக்கு வெங்காயமே ஒத்துக்காதும்மா."

யாரும் சிரிக்கவில்லை. படகு நின்றிருந்தது. எப்போது எஞ்சின் நெம்புகோலை நடுவுக்கு இழுத்தாள் என்று மகலோனுக்கே தெரியவில்லை. கை அதுவாகச் செய்திருந்தது. காற்று படகின் பின்பக்கத்தைக் கரைப்பக்கமாகத் தள்ளத் தொடங்கிற்று. இன்னும் கொஞ்சம் போனால் நாணலில் மாட்டும். கரையில் நடந்து வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

ஆர்லெத் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தன் வீட்டு ஜன்னலைத் தண்ணீரிலிருந்து அவள் பார்த்ததேயில்லை. பாதி திறந்த மரக்கதவு, அதன் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குள் பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாயின் வளைந்த கழுத்து. வெகுநேரம் பார்த்தாள்.

"வெளிப்பக்கம் கண்ணாடி ஒரே அழுக்கு," என்றாள். "ஒரு மனுஷன் சொல்லல பாரு."

பிறகு வலது கையைத் தூக்கினாள். உயரமாக அல்ல, தோள் அளவுக்கு. ஈரக் கையை உதறுவதுபோல இரண்டு முறை அசைத்தாள்.

"போ," என்றாள்.

மகலோன் நெம்புகோலை முன்னுக்குத் தள்ளினாள். 'தும்பி' நாணலிலிருந்து விலகி, காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி, நகர்ந்தது.

கல்லறைத் தோட்டத்துத் துறை சிறியது. பழைய கல் படிகள், இரண்டு சைப்ரஸ் மரங்கள், ஒரு இரும்பு வளையம். காற்று கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அப்படிப்பட்ட நாளில் கட்டுவதற்கு யாராயிருந்தாலும் இரண்டு மூன்று தடவை முயல்வார்கள். அவள் ஒரே தடவையில் கொண்டுபோய், முட்டை வைப்பதுபோல வைத்தாள். நயீமா வளையத்தில் கயிற்றைக் கோத்தாள்.

முதலில் பாதிரியார் இறங்கினார். பிறகு அம்மா, மேயரின் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். தியெரி முன் வலது பக்கம் நின்றான். ஏழாவதாக பஸ்தியான் கேட்காமலே வந்து தோள் கொடுத்தான். படி படியாக ஏறினார்கள். ஊர் பின்னால் போயிற்று.

படகில் மகலோன் மட்டும் இருந்தாள். எஞ்சினை அணைத்தாள். கனம் எல்லாம் இறங்கிப்போனதில் 'தும்பி' தண்ணீரில் மெல்ல மேலெழுந்து, கயிற்றின் கட்டு லேசாகத் தளர்ந்தது. அவள் கரையில் குதித்து, கயிற்றை இழுத்து, வளையத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். போட்ட முடிச்சை ஒரு தடவை காலால் மிதித்துப் பார்த்தாள். பிறகு கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு படியேறினாள்.